காயாம்பூ பார்த்திருக்கீங்களா?



திண்டிவனம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு வனம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? வடமொழியில் திந்திரிணி என்றால் புளிய மரம். திந்திரிணி வனம்தான் பேச்சுவழக்கில் திண்டிவனம் ஆனது என்று சொல்வார்கள். ஊரில் இருக்கும் திந்திரிணீஸ்வரர் கோயிலின் பெயரிலும் அதே புளிய மரம்தான்.

நான் தினமும் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வந்து படிக்கிற ஆள். ஜன்னல் சீட் கிடைத்தால் வழி முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவேன். நெல், கரும்பு, சவுக்கு, ஏரிக்கரை, அங்கங்கே பாறைக் குன்று, அப்புறம் வெள்ளைக் கல் நட்டு "பிளாட் விற்பனைக்கு" என்று எழுதிய நிலம். வனம் மட்டும் கண்ணில் படாது. நாற்கரச் சாலை வந்தபோது ரோட்டோரப் புளிய மரங்களும் பெரும்பாலும் போய்விட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புளிய மரம் நம் காட்டு மரமே இல்லை. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிவிட்டதால் நம் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் புளி வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் என்ன காடு இருந்தது? அந்தக் காட்டில் இளவேனிலில் என்ன பூ பூத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் காயாம்பூவிடம் போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இளவேனில் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஜப்பானின் செர்ரிப் பூ. இல்லையென்றால் இங்கிலாந்தின் புளூபெல். ஏப்ரல், மே மாதத்தில் அங்கே காட்டுத் தரை முழுக்க நீல ஜமக்காளம் விரித்த மாதிரி புளூபெல் பூக்கும், ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். அது ஏன் அந்த மாதத்தில் பூக்கிறது? குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மறுபடியும் இலை விட்டு மேலே கூரை மூடிக்கொள்வதற்கு முன்னால் கொஞ்ச நாள் வெயில் தரைவரை இறங்கும். அந்த இடைவெளிக்குள் புளூபெல் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

நம் பக்கத்துக் காட்டில் கதை வேறு. இங்கே மரங்கள் இலையை மொத்தமாக உதிர்ப்பதே இல்லை. வருஷம் முழுக்க மேலே கூரை மூடியே இருக்கும், உள்ளே நுழைந்தால் பட்டப்பகலிலும் அரை இருட்டு. தரைக்கு வெயில் இறங்காத இடத்தில் தரையில் பூ ஜமக்காளம் எப்படி விரியும்? அதனால் நம் நீலப்பூ தரையில் பூக்காமல் கிளையில் பூக்கிறது. அதுதான் காயாம்பூ.

எங்கள் பக்கத்தில் இதைக் காசான் என்றும் காசா மரம் என்றும் சொல்வார்கள். புத்தகத்தில் காயா. தாவரவியல் பெயர் மெமிசிலான் அம்பெல்லேட்டம். அந்தப் பெயரை 1768-ல் வைத்தவர் பர்மன் என்ற டச்சுக்காரர். மரம் என்று சொன்னாலும் பல இடங்களில் ஆள் உயரப் புதராகத்தான் இருக்கும். வெட்டாமல் விட்டால் சின்ன மரமாக வளரும். இலை எதிரெதிராக இருக்கும், தடிப்பாக, கரும்பச்சையாக, எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும். இலை நரம்பு லேசில் கண்ணுக்குத் தெரியாது. பூக்காத நாளில் இதைத் திரும்பிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாது.

பூத்தால்தான் அதிசயம். பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ ஒரு நல்ல கோடை மழை பெய்யட்டும். இலை இருக்கும் நுனியில் பூக்காது. இலை உதிர்ந்த பழைய குச்சியில், கணுவுக்குக் கணு, கொத்துக் கொத்தாகப் பூ வெடிக்கும். ஒவ்வொரு பூவும் சுண்டுவிரல் நகம் அளவுதான். நாலு இதழ், எட்டு மகரந்தத் தாள், அவ்வளவுதான். நிறத்தைச் சொல்வதுதான் கஷ்டம். நீலம் என்றால் நீலம், ஊதா என்றால் ஊதா. மொட்டில் ஒரு நிறம், விரிந்தபின் ஒரு நிறம். பார்க்கிறவர்களுக்கு யாரோ குச்சியில் நீலப் பஞ்சைச் சுற்றி வைத்த மாதிரி இருக்கும். தேனீக்கள் விடியற்காலையிலேயே வந்து மொய்க்கும். சில நாள்தான், பிறகு எல்லாம் கொட்டிவிடும். கீழே பழுப்புச் சருகின் மேல் ஊதாப் பொடி தூவின மாதிரி கிடக்கும். அந்த நாலைந்து நாளைத் தவறவிட்டால் அடுத்த பூப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மார்கழியில் ஸ்பீக்கரில் கேட்கும்போது நானும் அதை ஏதோ கற்பனைப் பூ என்றுதான் வைத்திருந்தேன். நிஜமாகவே அப்படி ஒரு பூ இருக்கிறது, அதுவும் நம் ஊர் புதரில் இருக்கிறது என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! :-)

சங்கப் பாட்டிலும் காயா உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. முல்லைப்பாட்டிலும் வருகிறது, அங்கே பூவின் நிறத்துக்கு அஞ்சனத்தை, அதாவது கண்ணுக்குத் தீட்டும் மையைச் சொல்கிறார் புலவர். இங்கே ஒரு ஆச்சரியம். மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிரா பக்கத்தில், மராத்தியில் இதே செடிக்குப் பெயர் அஞ்சனி. முல்லைப்பாட்டில் உவமையாக வந்த சொல் அங்கே செடிக்கே பெயராக நிற்கிறது.

"சங்கப் பாட்டில் காயா கார்காலத்துப் பூ ஆயிற்றே, நீ இளவேனில் என்கிறாயே" என்று தமிழ் இலக்கியம் படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் பார்த்த வரையில் இந்தச் செடி மாசத்தை விட மழையைத்தான் அதிகம் மதிக்கிறது. வறண்ட நாட்களுக்குப் பிறகு மண் நனைந்தால் பூக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த முதல் நனைப்பு பெரும்பாலும் கோடை மழை. முல்லை நிலத்துப் புலவருக்கு அது கார் மழை. இரண்டு பேர் பார்த்ததும் சரிதான் என்று நினைக்கிறேன்.

சரி, இது எந்தக் காட்டுப் பூ? சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆந்திராவின் விசாகப்பட்டினம் வரை, ஒரு காட்டு வகை இருந்தது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். பெயரே முரணாக இருக்கிறது அல்லவா? உலர்ந்த இடம் என்றால் மரம் இலை உதிர்க்க வேண்டும், பசுமைமாறாக் காடு என்றால் கேரளா மாதிரி மழை கொட்ட வேண்டும். இந்தக் காட்டில் இரண்டுமே பொருந்தாது. வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்துவிடும். மீதி மாதங்களில் வறட்சிதான். அதைத் தாங்குவதற்குத்தான் இலை சின்னதாக, தோல் மாதிரி தடித்து, பளபளவென்று இருக்கிறது. தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் இலை. மரங்களும் ரொம்ப உயரம் போகாது, 10, 12 மீட்டர்தான். காசாவோடு வீரை, பாலை, எட்டி, காட்டு எலுமிச்சை, களா எல்லாம் சேர்ந்து நிற்கும், நடுவில் கொடிகள் பின்னிக்கொள்ளும். இலங்கையில் வன்னிப் பக்கத்துக் காட்டிலும் பாலையும் வீரையும் இதே பெயரோடு நிற்கின்றன. கடல் நடுவில் இருந்தாலும் காடு ஒரே குடும்பம்.

பிளாஸ்கோ, லெக்ரி என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1973-ல் இந்தக் காட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று கோடியக்கரை, இன்னொன்று நம் மரக்காணம். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் மரக்காணம் ஒரு மணி நேரம். பாட்டனி படிக்கிறவர்களுக்குக்கூட இது அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

இப்போது அந்தக் காடு பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் மிச்சம் இருக்கிறது. விறகுக்கு வெட்டினோம், கரிக்கு வெட்டினோம், ஆடு மாடு மேய்த்தோம், முந்திரியும் சவுக்கும் போட்டோம், கடைசியாக பிளாட் போட்டோம். காசாவுக்கு வேறு உபயோகங்களும் இருந்தன. அதன் கட்டை இரும்பு மாதிரி உறுதி. இலையில் மஞ்சள் சாயம் வரும். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சிவப்புச் சாயத் துணிகளுக்குச் சாயவேரோடு காசா இலையையும் சேர்த்தார்கள். மண்ணிலுள்ள அலுமினியத்தை இந்தச் செடி இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சாயம் துணியைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம் செய்யும் வேலையை அந்த இலை செய்தது. கெமிஸ்ட்ரி லேப் இல்லாத காலத்தில் யார் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள்!

அந்தத் துண்டுகளும் எப்படித் தப்பின? பெரும்பாலும் சாமி காப்பாற்றினார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலுக்குப் போனவர்கள் அதைச் சுற்றியுள்ள காட்டைப் பார்த்திருப்பீர்கள். ஐயனார் காட்டில் ஒரு குச்சி ஒடிக்கக்கூடாது, ஒடித்தால் வீடு விளங்காது என்பது நம்பிக்கை. இங்கிலாந்தில் புளூபெல்லைப் பிடுங்கி எடுக்காமல் தடுக்க 1981-ல் போட்ட சட்டம் இருக்கிறது. இங்கே எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே மண் குதிரையும் அரிவாளும் அந்த வேலையைச் செய்தன.

இப்போது எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெயர் வேண்டாம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஒரு சின்ன ஊர், என் ஆயா ஊர். அங்கே ஏரிக்கரைக்குக் கீழே ஒரு ஐயனார் கோயில், சுற்றிலும் ஒரு ஏக்கர் கூட வராத தோப்பு. அதில் பாதிக்கு மேல் காசாதான். போன தை மாதம் கோயிலைப் புதுப்பிப்பது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். திட்டம் இதுதான்: சாமி முன்னால் டைல்ஸ், வடக்கே தகரக் கொட்டகை, அதற்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம். வடக்கே இருக்கிற "புதரை எல்லாம் எடுத்துட்டு" ஜேசிபி விட்டுச் சமன் செய்வது. ஒரு நாள் வேலை.

கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை, அதையும் எழுதியாக வேண்டும். திருவிழாவுக்கு வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் காரில் வருகிறார்கள். வயசானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். புதரில் பாம்பு இருக்கிறது என்று பெண்கள் பயப்படுகிறார்கள். எல்லாமே உண்மையான பிரச்சனைகள். மரம் வெட்டக்கூடாது என்று ஒரு வரி கோஷம் போட்டுவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை.

அதனால் கூட்டத்துக்குப் போகும்போது முந்தின வருஷம் போனில் எடுத்த பூ போட்டோக்களை பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். ஒரு பெரியப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம தோப்பா இது?" என்று கேட்டார். அறுபது வருஷமாக அதே தோப்பைத் தாண்டித்தான் கழனிக்குப் போகிறார்! இன்னொருவர் விடவில்லை. "பூ நல்லாத்தான் கீது தம்பி. ஆனா சாமிக்கு மாலையா கட்ட முடியுமா இத?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நிஜமாகவே கட்ட முடியாது, காம்பே கிடையாது.

பதில் சொன்னது என் ஆயா. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தது, எழுந்திருக்கக்கூட இல்லை. "மாலையா கட்டிப் போட்டா சாயங்காலம் வாடிப் போவும். அது நிக்கற எடத்துலயே பூத்தா அதான்டா ஐயனாருக்கு மாலை. அவரு கேட்டாரா உன்கிட்ட டைல்ஸு?" என்றது. கூட்டமே சிரித்துவிட்டது. சிரித்த பிறகு பேச்சு கொஞ்சம் சுலபமாயிற்று.

அப்புறம்தான் நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். கார் நிறுத்தக் களத்துமேடு இருக்கிறது, அறுவடை மெஷின் வந்தபிறகு அது பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. கோயிலிலிருந்து அங்கே நூறடி கூட இல்லை. கொட்டகையைத் தெற்கே போடலாம், அங்கே மரம் கிடையாது. பாம்புக்குப் பயந்தால் பாதையோரம் மட்டும் சருகைக் கூட்டிச் சுத்தமாக வைக்கலாம். திண்டிவனம் பக்கத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்பதைவிடக் காசா நிழலில் நிற்பது எவ்வளவோ மேல், இதை யாரும் மறுக்கவில்லை.

முழு வெற்றி என்று பொய் சொல்ல மாட்டேன். டைல்ஸ் போட்டார்கள். கொட்டகை தெற்கே போனது. ஆனால் ஜேசிபி திரும்புவதற்கு என்று வடக்கு ஓரத்தில் ஒரு பட்டை காசா போய்விட்டது. மீதித் தோப்பு அப்படியே நிற்கிறது. வெட்டின அடிக்கட்டையில் பங்குனியிலேயே சிவந்த துளிர் வந்ததைப் பார்த்தேன். வேரோடு பறிக்காமல் விட்டால் காசா மறுபடியும் துளிர்க்கும். அந்தப் பட்டையில் இனிமேல் எதுவும் கட்டுவதில்லை என்று வாய் வார்த்தையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் ஆடியில்.

இந்த மாதிரித் தோப்புகளுக்கு நம்பிக்கை மட்டும் இனி போதாது என்பதுதான் எனக்குப் புரிந்தது. குச்சி ஒடிக்கப் பயப்படுகிற அதே ஊர், சாமிக்காகத்தான் என்றால் ஜேசிபி கூப்பிடத் தயங்குவதில்லை. கோயில் பெரிதாகப் பெரிதாகக் காடு சின்னதாகிறது. நல்ல செய்தியும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்க வழி உண்டு. தமிழ்நாட்டில் முதலில் 2022-ல் மதுரை அரிட்டாபட்டியை அறிவித்தார்கள். இரண்டாவதாக 2025-ல் அறிவித்தது திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோவில் காடு. அது 5 ஹெக்டேர்கூட முழுசாக இல்லாத ஒரு கோயில் காடு! சின்னதாக இருந்தாலும் அரசாங்கம் மதிக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. எங்கள் ஊர்க்கூட்டத்தில் அடுத்த முறை இதைச் சொல்லப் போகிறேன்.

போன காட்டைத் திரும்பக் கொண்டுவரவும் முடியும். 1968-ல் ஆரோவில் ஆரம்பித்தபோது அந்த இடம் பெரும்பாலும் மழையில் அரித்துப்போன செம்மண் பொட்டல். முதலில் ஆஸ்திரேலிய வேல மரம் மாதிரி சீக்கிரம் வளர்வதை வைத்து நிழல் உண்டாக்கினார்கள். பிறகு அந்த நிழலில் இந்தக் காட்டுக்கே உரிய நாட்டு மரங்களை வளர்த்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்று போனால் காடு. ஆனால் அதற்கு விதை வேண்டும். விதை வர வேண்டுமானால் எங்கேயாவது ஒரு ஐயனார் தோப்பு மிச்சம் இருந்தாக வேண்டும்.

காயாம்பூவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

கோடை மழை பெய்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். ஊர் ஐயனார் தோப்பு, பழைய காட்டுக் கோயில், குன்றடிவாரம், இங்கெல்லாம் தேடுங்கள். நுனியைப் பார்க்காதீர்கள், உள்பக்கத்துப் பழைய குச்சியைப் பாருங்கள். காலையிலேயே போங்கள், தேனீ சத்தமே வழிகாட்டும். அதனால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள் :-)

பூ முடிந்தபின் பட்டாணி அளவில் பழம் வரும், பழுத்தால் கருநீலம், தலையில் சின்னக் கிரீடம் இருக்கும். கொண்டைக்குருவிகள் விரும்பிச் சாப்பிடும். கீழே விழுந்த பழம் கிடைத்தால் நாலு எடுத்து, சதையைக் கழுவிவிட்டு, காயவிடாமல் உடனே செம்மண் பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். மெதுவாகத்தான் வளரும். ஒரே செமஸ்டரில் மரம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தோப்பு கண்டிப்பாக இருக்கும். இந்தச் சித்திரையில் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். என்ன மரம், என்ன பேர், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அங்கே ஜேசிபி வருகிறது என்றால் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் தோப்பில் வடக்கு ஓரத் துளிர்கள் இப்போது முழங்கால் உயரம். ஆடிக் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதை அப்புறம் எழுதுகிறேன்.